நியூயார்க்கில் இரண்டு நாள் தங்க வாடகை வீடு பார்க்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரத்தில் ஒரு சாதாரண அடுக்குமாடிக் கட்டடத்தில், "முழு வீடும் உங்களுக்குத்தான், நான் ஊரில் இல்லை, சாவி டோர்மேனிடம் (வாசல் காவலரிடம்) இருக்கும்" என்று யாராவது இரண்டு மூன்று நாளுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் பணம் அனுப்பாதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராயவே வேண்டாம். அப்படி வாடகைக்கு விடுவதே அந்த ஊர்ச் சட்டப்படி தவறு. இது தெரியாமல் நாங்கள் 580 டாலரைத் தொலைத்தோம். பல வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு வெள்ளிக்கிழமை இரவையும் தொலைத்தோம்.

நாங்கள் வட கரோலினாவில், கேரியில் இருக்கிறோம். 2025 அக்டோபரில் எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பத்து வருடம். மகனுக்கு ஆறு வயது. அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் ஓர் இரவுகூட வெளியே போய்த் தங்கியதில்லை. அந்தச் சமயம் மாமாவும் அத்தையும் பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். "பையனை நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க" என்று அத்தைதான் முதலில் சொன்னார். பக்கத்து ஊரான ராலேயிலிருந்து நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையம் ஒன்றரை மணி நேரப் பயணம். வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பலாம் என்று முடிவு செய்தோம்.

விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஹோட்டல்தான் கட்டுப்படியாகவில்லை. அக்டோபர் அங்கே கூட்டமான மாதம். மிட்டவுன் பக்கம் எதைத் தொட்டாலும் வரியோடு இரவுக்கு 400 டாலரைத் தாண்டியது. அப்போதுதான் ஒரு வாடகைத் தளத்தில் அந்த வீடு கண்ணில் பட்டது. மேற்கு ஐம்பதாம் தெருக்கள் பக்கம், சென்ட்ரல் பார்க்குக்கு நடக்கும் தூரம், இரவுக்கு 190 டாலர். படங்கள் அழகாக இருந்தன. நீல நிற அலமாரிகள் வைத்த சமையலறை, ஜன்னலோரம் ஒரு மஞ்சள் நாற்காலி. காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

வீட்டுக்காரர் என்று பேசியவர் மரியாதையாகப் பேசினார். தளத்தில் பேசினால் கமிஷன் பிடிக்கிறார்கள், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்றார். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை பிடிஎஃபாக அனுப்பினார். இரண்டு இரவுக்கு 380, திரும்பத் தரும் டெபாசிட் 200, மொத்தம் 580 டாலர், வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் வழியாக அனுப்பச் சொன்னார். கார்டில் கட்டலாமா என்று கேட்டேன். "கார்டு என்றால் எனக்குச் செலவு கூடும், நூறு டாலர் சேர்த்துக் கொடுங்கள்" என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: "கட்டடத்தில் யாராவது கேட்டால் வாடகைக்கு வந்தோம் என்று சொல்லாதீர்கள், என் உறவினர்கள் என்று சொல்லுங்கள்."

அந்த வார்த்தையிலேயே நான் நின்றிருக்க வேண்டும். எனக்கு நெருடவும் செய்தது. "என்னங்க, ஏன் இப்படிப் பொய் சொல்லச் சொல்றார்?" என்று கேட்டேன். "பெரிய ஊர்ல அசோசியேஷன் தொந்தரவு இருக்கும்மா, அதுக்காகச் சொல்லுவார்" என்றார் என் கணவர். சரி என்று பணத்தை அனுப்பிவிட்டோம். இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது.

வெள்ளி இரவு லகார்டியாவில் இறங்கினோம். அங்கிருந்து கியூ70 பேருந்து இலவசம். ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கி 'ஈ' (E) என்ற சுரங்க ரயிலைப் பிடித்தால் மன்ஹாட்டன். அப்போது ரயில் கட்டணம் தலைக்கு 2.90 டாலர். அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒன்பது மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனோம். கட்டடம் நிஜம். முகவரியும் நிஜம். உள்ளே டோர்மேன் ஒருவர் இருந்தார். அறுபது வயது இருக்கும். எங்கள் பெட்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. நாங்கள் வீட்டு எண்ணைச் சொன்னோம். அப்படி ஓர் எண்ணே அந்த மாடியில் இல்லை என்றார். "இந்த மாதம் இப்படி வருகிற மூன்றாவது ஜோடி நீங்கள்" என்றார்.

அந்த ஆளுக்கு உடனே போன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாவது முறை மணிகூட அடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு என் செய்தி நின்றது. அவருடைய படமும் மறைந்துவிட்டது. லாபியில் இருந்த சோபாவில் உட்காருங்கள் என்று டோர்மேன் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அவர் அதெல்லாம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அந்த நேரம் பார்த்து அத்தை வீடியோவில் வந்தார். "பிள்ளை தூங்கிட்டான், வீடு நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு அத்தை என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை.

அந்தச் சட்டத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னதும் அந்த டோர்மேன்தான். பிறகு நானே தேடிப் படித்தேன். நியூயார்க் நகரின் 2022ஆம் ஆண்டு உள்ளூர்ச் சட்டம் 18, 2023 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட வேண்டும் என்றால் விடுபவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவரும் அதே வீட்டில் உங்களோடு தங்கியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் விருந்தினர் கூடாது. அறைகளைப் பூட்டிப் பிரிக்கக் கூடாது. பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். குடியிருப்புக் கட்டடத்தில் முழு வீட்டையும் குறைந்த நாளுக்கு விடக்கூடாது என்ற மாநிலச் சட்டம் இதற்கும் முன்பே, 2010இலேயே, போடப்பட்டது. அபராதம் விடுபவருக்கும் தளத்துக்கும்தான், தங்குபவருக்கு இல்லை. ஆனால் நடுத்தெருவில் நிற்பது தங்க வந்தவர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டம் வந்த பிறகு பெரிய தளங்களில் அந்த ஊர்க் குறுகிய கால வீடுகள் பெருமளவு காணாமல் போய்விட்டன. ஹோட்டல் விலையோ குறையவில்லை. மலிவாக ஒரு வீடு கிடைக்காதா என்று தேடும் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, ஏமாற்றுகிறவர்களின் குறி இப்போது அவர்கள்தான். மற்ற ஊர்களில் வாடகை வீடு எடுத்துப் பழகியவர்கள் இங்கே எளிதாக மாட்டிக்கொள்வார்கள். நாங்கள் ஆஷ்வில், சார்லஸ்டன் என்று குடும்பத்தோடு எத்தனையோ முறை வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கேள்வி கேட்கவிடாமல் செய்தது.

அன்று இரவு பத்தரை மணிக்கு மூன்று தெரு தள்ளி ஒரு ஹோட்டலில் இடம் கிடைத்தது. முன்மேசையில் இருந்தவர் இரவுக்கு 319 டாலர் என்றார். களைப்பில் கார்டைக் கொடுத்துவிட்டோம். அறைக்குப் போய் ரசீதைப் பார்த்தால் முதல் இரவுக்கே 409.72 டாலர். அந்த ஊரில் அறை வாடகைக்கு 14.75 சதவீத வரியும், அதோடு இரவுக்கு 3.50 டாலரும் உண்டு என்பது தெரியும். ஆனால் நடுவில் 35 டாலர் 'டெஸ்டினேஷன் ஃபீ' என்று ஒன்று இருந்தது. அதற்கும் சேர்த்து வரி போட்டிருந்தார்கள். வைஃபை, ஜிம், ஒரு பாட்டில் தண்ணீர், இதற்குத்தான் அந்தக் காசு.

இதை நான் விடவில்லை. 2025 மே 12 முதல் நாடு முழுவதும் ஒரு விதி இருக்கிறது. ஹோட்டல்கள் கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அரசு வரியை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மத்திய வணிக ஆணையத்தின் விதி அது. காலையில் போய் மேலாளரிடம் பொறுமையாக இதைச் சொன்னேன். சொன்ன விலை 319, அதில் இந்தக் கட்டணம் இல்லை, விதி இப்படி இருக்கிறது என்றேன். அவர் கணினியைப் பார்த்தார், வாதாடவில்லை, இரண்டு இரவுக்கும் நீக்கிவிட்டார். இரவுக்கு 369.55 ஆனது. கேட்டதால்தான் நீக்கினார்கள். முன்மேசையில் வாயால் விலை சொல்லும்போது, "வரியெல்லாம் சேர்த்து என் கார்டில் எவ்வளவு விழும்?" என்று கேட்டு, அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சுதந்திர தேவி சிலை பார்க்க, அந்தச் சிலை இருக்கும் தீவுக்குப் படகு கிளம்பும் பேட்டரி பார்க் போனோம். ரயில் நிலையப் படியேறி வெளியே வந்ததுமே கழுத்தில் அட்டை தொங்க, ஜாக்கெட் போட்டவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "வரிசை மூன்று மணி நேரம், எங்களிடம் வாங்கினால் உடனே போகலாம்" என்கிறார்கள். தீவில் இறங்க அனுமதியுள்ள படகை நடத்துவது ஸ்டேச்சூ சிட்டி குரூசஸ் என்ற ஒரே நிறுவனம்தான். அதன் டிக்கெட் கவுன்டர் பார்க்குக்குள் காஸில் கிளின்டன் என்ற வட்டமான பழைய கோட்டைக்குள் இருக்கிறது. இணையத்திலும் வாங்கலாம். தெருவில் விற்பவர்கள் ஏற்றிவிடும் படகுகள் பெரும்பாலும் சிலையைச் சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிவிடும், தீவில் இறக்காது. முந்தைய இரவு சூடுபட்டிருந்ததால் நாங்கள் நிற்காமல் நடந்துவிட்டோம்.

சிலை வழியே போகும் ஸ்டேட்டன் தீவு ஃபெரி என்ற பயணிகள் படகுக்குப் போனோம். அது முழுக்க இலவசம், இரவு பகலாக ஓடுகிறது, ஒரு பக்கப் பயணம் சுமார் 25 நிமிடம். அதற்கும் டிக்கெட் விற்க ஒருவர் வாசலில் நின்றார். அவரிடம் பணத்தை நீட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதியை நான் போய்த் தடுத்தேன். இலவசம் என்று பலகையைக் காட்டினேன். அந்த ஆள் என்னைத் திட்டினார், பரவாயில்லை. போகும்போது படகின் வலது பக்கம் நின்றால் சிலை நன்றாகத் தெரியும். நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றோம். பயணம் முழுவதிலும் மனசு இலகுவானது அந்த ஒரு மணி நேரம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் பார்க், டைம்ஸ் சதுக்கம் பக்கம் சைக்கிள் ரிக்‌ஷா ஏறுவதாக இருந்தால் கட்டண அட்டையை நின்று படியுங்கள். கட்டணம் நிமிடக் கணக்கு. நிமிடத்துக்கு ஏழு டாலர் என்றால் போக்குவரத்தில் சிக்கிப் பதினைந்து நிமிடம் ஆனாலே 105 டாலர்.

திரும்பி வந்ததும் வங்கிக்குப் போனேன். ஸெல் வழியாக நீங்களே மனமறிந்து அனுப்பிய பணம், எங்களால் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திருட்டுத்தனமாக வேறொருவர் உங்கள் கணக்கிலிருந்து எடுத்தால் ஒரு நியாயம், ஏமாந்து நீங்களே அனுப்பினால் வேறு நியாயம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல 1974ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கொடுக்கப்படாத சேவைக்குப் பணம் கேட்டால் அதில் சொல்லலாம். கார்டு என்றால் நூறு டாலர் கூடுதல் என்று அந்த ஆள் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. அந்த நூறைக் கொடுக்கிறேன் என்றிருந்தாலும் அவர் கார்டு வாங்கியிருக்க மாட்டார்.

மத்திய வணிக ஆணையத்திலும் எஃப்பிஐயின் ஐசி3 என்ற இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் பதிவு செய்தேன். நியூயார்க் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311க்கும் சொன்னேன். பணம் திரும்ப வரவில்லை. அந்தச் சமையலறைப் படத்தை கூகுளில் போட்டுத் தேடியபோது, அது வேறு மாநிலத்தில் விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டின் படம் என்று தெரிந்தது. தேட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பணம் அனுப்புவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது.

போன வாரம் அதே படங்களை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை வேறு தளம், வேறு தெரு, இரவுக்கு 175 டாலர். அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், இதை எழுதும்வரை விளம்பரத்தை எடுக்கவில்லை. நீல அலமாரி, ஜன்னலோரம் மஞ்சள் நாற்காலி. அந்தப் படம் உங்களுக்கோ, உங்கள் நண்பர்களுக்கோ வந்தால் பணம் அனுப்பாதீர்கள்.