நான்கு துண்டா, ஏழு துண்டா? பயணத்துக்கான ஃபிளை தூண்டில் கோல் செய்வோர் போட வேண்டிய கணக்கு

பூச்சிபோல் கட்டிய எடையற்ற பொய் இரையை நூலின் கனத்தால் வீசும் ஃபிளை தூண்டில் கோலின் வழக்கமான நீளம் ஒன்பது அடி, அதாவது 108 அங்குலம். அதை நான்காகப் பிரித்தால், ஒரு துண்டு மற்றொன்றின்மேல் ஏறும் பகுதியையும் சேர்த்து, ஒவ்வொன்றும் 28 அல்லது 29 அங்குலம் வரும். ஏழாகப் பிரித்தால் 17 அங்குல அளவில் நின்றுவிடும். விமானக் கைப்பெட்டிக்குப் பரவலாக அனுமதிக்கப்படும் நீளம் 22 அங்குலத்தை ஒட்டியே இருப்பதால், நான்கு துண்டுக் கோல் தனிக் குழாயில்தான் பயணம் செய்ய வேண்டும். அக்குழாயை உள்ளே விடுவதும் விடாததும் வாயிலில் நிற்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஏழு துண்டுக் கோலோ துணிமணிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும்.

இணைப்புகள் கூடினால் கோலின் வளைவு கெட்டுவிடும் என்ற அச்சம் பழையது. மூங்கில் கோல்களின் காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. அன்று துண்டுகளை இணைத்த, செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகக் குழல்கள் கனமானவை, வளையாதவை. கண்ணாடியிழையும் கார்பன் இழையும் வந்தபின் இணைப்பும் கோலின் பொருளாலேயே அமைந்து, கோலோடு சேர்ந்து வளையத் தொடங்கியது. எட்டாம் எண் நூலுக்கான கோலில் (எண் கூடக் கூட நூல் கனமாகும், கோலும் வலுவாகும்) நான்குக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள் என்பது என் எண்ணம். மூன்றாம் எண் கோலில் நிலைமை வேறு. மெல்லிய நுனியின் எடையோடு ஒப்பிட்டால் அங்குள்ள ஒவ்வோர் இணைப்பும் ஒரு சுமைதான்.

உண்மையான வேறுபாடு செய்பவரின் மேசைமீது தெரியும். நூல் சுற்றும் ரீலைப் பொருத்தும் இருக்கையும் கார்க் பிடியும் சேர்ந்து அடித்துண்டில் ஏறத்தாழ 11 அங்குலத்தை எடுத்துக்கொள்கின்றன. நான்கு துண்டில் அதன்பின்னும் தாராளமாக இடம் இருக்கும்; ஏழில் முதல் இணைப்புக்கு முன் வெறுந்தண்டு நான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கோலின் அடியிலிருந்து, நூல் ஓடும் வளையங்களில் முதல் பெரிய வளையம் அமைய வேண்டிய இடம் 28 முதல் 32 அங்குலத்துக்குள் வரும். ஏழு துண்டுக் கோலின் இரண்டாம் இணைப்பும் சரியாக 31 அங்குல அளவில் அங்கேயே வந்து நிற்பதால், வளையத்தை மேலோ கீழோ நகர்த்த வேண்டியதாகிறது. ஒன்றை நகர்த்தினால் அடுத்ததும் நகர்ந்தாக வேண்டும். ஆகவே ஆயத்த அளவுப் பட்டியலை நம்பாமல், வளையங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, நூலைக் கோத்து, கோலை நன்றாக வளைத்துப் பார்த்து, நூல் தண்டின் வளைவை விட்டு விலகும் இடங்களைத் திருத்திய பிறகே இழை சுற்றத் தொடங்க வேண்டும். மற்றத் துண்டை உள்ளே ஏற்கும் பெண் முனைகள் அழுத்தத்தில் பிளக்காமலிருக்க அவற்றின் விளிம்பில் இறுக்கமாக இழை சுற்றி எபாக்சி பூசும் வேலை நான்கில் மூன்று முறை, ஏழில் ஆறு முறை. இது நேரத்தைத்தான் தின்னும், திறமையைக் கேட்காது.

இணைப்பின் வகையையும் இங்கே தீர்மானிக்க வேண்டும். மேல்துண்டின் அடி விரிந்து கீழ்த்துண்டின் நுனியைப் போர்த்திக்கொள்வது உறை இணைப்பு. கீழ்த்துண்டுக்குள் ஒட்டப்பட்டு வெளியே நீளும் முளையின்மேல் மேல்துண்டு அமர்வது முளை இணைப்பு. கடையில் வாங்கும் தண்டுகளில் பெரும்பாலும் முதல் வகையே இருக்கிறது. எடை குறைவு, பராமரிப்பும் எளிது. முளை இணைப்பில் தண்டின் கோடு இடையில் தடிக்காமல் ஓடுவது கண்ணுக்கு அழகு. தேய்மானத்துக்கு இடம் தந்து இரு துண்டுகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுவதைப் பிழை என்று நினைத்து, தேய்த்து மூட முயன்று கெடுத்துக்கொள்வோரும் உண்டு.

பழைய இரண்டு துண்டுக் கோலை அறுத்துப் பயணக் கோலாக்க விரும்புவோருக்கு இந்தத் தேர்வே கிடையாது. அறுத்த இடத்தில் இரு முனைகளும் ஒரே விட்டம். ஒன்று மற்றொன்றைப் போர்த்த வழியில்லை. முளைதான் ஒரே வழி. அதையும் கீழ்த்துண்டின் அகன்ற பக்கத்திலிருந்து செலுத்தி, நுனியில் இறுகி நிற்கும் அளவுக்குப் பொருத்த வேண்டும். பொறுமையுள்ளவர்கள் கண்ணாடியிழைக் கோலில் இதை முயலலாம். நல்ல கார்பன் கோலை அறுக்க எனக்கு மனம் வராது; அறுப்பவர்கள் தூசி மூக்கில் ஏறாமல் முகமூடி அணிவது கட்டாயம்.

ஆற்றங்கரையில் ஏழு துண்டுக் கோல் கேட்கும் கவனமும் அதிகம். நாள் முழுவதும் வீசும்போது இணைப்புகள் மெல்லத் தளரும். தளர்ந்ததைக் கவனியாமல் வீசினால் பெண் முனை பிளக்கும். மெழுகு தடவுவதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு இணைப்புகளையும் விரலால் சோதிப்பதும் பழக்கமாக வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் ஆறு துண்டுக் கோலை ஏனோ பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒவ்வொரு துண்டும் 20 அங்குலத்துக்குள் அடங்குவதால் துணியுறையில் சுற்றிக் கைப்பெட்டிக்குள் குறுக்காக வைத்துவிடலாம். இணைப்புகள் 18, 36 அங்குலங்களில் விழுவதால் முதல் பெரிய வளையத்துக்கு 30 அங்குலத்தில் தடையற்ற இடம் கிடைக்கிறது; பிடிக்கு மேலும் ஏழு அங்குலத் தண்டு மிஞ்சுகிறது. குழாயைத் தோளில் சுமக்கத் தயங்காதவருக்கு நான்கே போதும். பெட்டிக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்பவருக்கு, தோள்பையே முழுச் சுமையாக இருந்தாலன்றி, ஏழைவிட ஆறையே பரிந்துரைப்பேன்.