திரையில் 6.2, தொட்டியில் வேறு: ஒட்சிசன் அளவி பொருத்தவிருப்போர் கவனத்திற்கு

நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்கும் கருவியைக் காற்றூட்டிகளைத் தானாக இயக்கி நிறுத்தும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் வலையமைப்பு வழியாக இணைத்துத் தருவதாகக் கொழும்பு நிறுவனம் ஒன்று திருகோணமலைப் பக்கத்து மீன் வளர்ப்பாளர்களுக்கு இப்போது விலைமனு அனுப்பி வருகிறது. கிண்ணியாவில் எங்கள் கொடுவா தொட்டிகளில் அதே வேலையைச் செய்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிச் சென்றவர்கள் அவர்கள்தான்.

ஒப்படைத்த நாளில் பெட்டியின் திரை 6.2 (லீற்றருக்கு மில்லிகிராம்) காட்டியது. வெப்பமான கடல்நீரில் நண்பகல் வேளைக்கு அது பொருத்தமான அளவே என்பதால் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் பாசி படர்ந்த திறந்தவெளித் தொட்டியில் இரவு முழுவதும் ஒட்சிசன் குறைந்து, விடியலுக்குச் சற்று முன்னர்தான் மிகத் தாழ்ந்த நிலையை அடையும். அந்த நேரத்திலும் திரையில் 6.2 இருக்க, மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறியதைக் கண்ட காவலாளி ஐயா காற்றூட்டிகளைக் கையால் இயக்கியதால்தான் அவை பிழைத்தன.

பிறகு, எங்களுக்குத் தெரிந்த பொறியியலாளத் தம்பி ஒருவர் கருவியின் உணரியை, நீரிலுள்ள ஒட்சிசனை அகற்றிவிடும் சோடியம் சல்பைட்டுக் கரைசலில் அமிழ்த்தினார். கருவியின் சொந்தத் திரை சில நிமிடங்களில் பூச்சியத்தை நெருங்கியது, பெட்டியோ 6.2-ஐ விட்டு அசையவில்லை. ஈதர்நெட் வயரைக் கழற்றினோம், பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கினோம். அப்போதும் அதே 6.2, எச்சரிக்கை ஒலிகூட இல்லை.

தம்பி தம் மடிக்கணினியிலிருந்து இத்தகைய கருவிகள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் மொட்பஸ் டி.சி.பி. முறையில், 502ஆம் போர்ட் வழியாகக் கருவியை நேரடியாகக் கேட்டபோது காரணம் புலப்பட்டது. கருவி தன் அளவீட்டை 32 பிட் தசம எண்ணாக்கி, 16 பிட் கொண்ட இரண்டு ரெஜிஸ்டர்களில், அதாவது எண்ணிட்ட நினைவக அறைகளில், பிரித்து வைக்கிறது. எந்தப் பாதி முதலில் என்பது கருவிக்குக் கருவி மாறும். அதைத் தலைகீழாக வாசித்தால் 6.2 என்பது 27-க்குப் பின்னால் 22 பூச்சியம் போட்ட அளவுக்குப் பெரிய எண்ணாகிவிடும். வரிசையை மாற்றுவது சிறிய வேலை. அதைச் செய்யாமல், "கண்டபடி எண் வந்தது, தற்காலிகமாக ஒன்றைப் போட்டு வைத்தேன்" என்று அவர்களின் தொழில்நுட்பவியலாளர் தொலைபேசியில் கூசாமல் சொன்னார். திரையில் அசையாமல் நின்ற 6.2 அவர் நிரலில் போட்டு வைத்த அந்த எண்தான். தெரியாமை வேறு, இது வேறு.

பெட்டியின் நிரலைக் கடவுச்சொல்லால் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். திறந்து திருத்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். ஆகவே விலைமனுவை ஏற்குமுன் ரெஜிஸ்டர் அட்டவணை, பூட்டில்லாத நிரலின் பிரதி ஆகிய இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வயரைக் கழற்றியதும் பெட்டி அலறிக் காற்றூட்டிகளைத் தானே இயக்குகிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். எங்கள் தொட்டிகளில் இப்போதைக்குக் காவலாளி ஐயாதான் கைக்கருவியுடன் இரவில் சுற்றி வருகிறார்.