பாதி டேங்கில் மட்டும் அடித்த மிஸ்ஸிங்: பழைய ஆறு சக்கர லாரியுடன் என் அனுபவம்

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர லாரி. 2013இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஈரோட்டிலிருந்து திம்பம் மலை ஏறி மைசூருக்குச் சரக்கு கொண்டு போவதுதான் அதன் முக்கியமான ஓட்டம். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், டீசலை அழுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்பும் பழைய இன்லைன் பம்ப். சென்சாரோ கம்ப்யூட்டரோ எதுவும் கிடையாது. முதல் எட்டு ஆண்டுகள் இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய மிஸ்ஸிங்தான் (ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுவது) ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு என்னை அலைக்கழித்தது.

மலையடிவாரத்திலுள்ள பண்ணாரியைத் தாண்டி ஏற்றம் பிடித்ததும், ஐந்தாறு வளைவுகளுக்குள்ளாகவே இன்ஜினின் சீரான ஓசை உடைந்துவிடும். கேபின் உதறும், இழுவை குறையும், புகைப்போக்கியில் வெள்ளைப் புகை வரும். சிறிது நேரத்தில் தானே சரியாகி, அடுத்த வளைவில் மறுபடியும் அடிக்கும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் ஒரு லோடு லாரி நடுவில் நின்றுபோனால் இரண்டு பக்கமும் எத்தனை வண்டிகள் தேங்கும் என்பது அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜின்போல் தீப்பொறி தரும் பிளக்கும் காயிலும் இல்லை என்பதால் மிஸ்ஸிங்குக்கான காரணத்தைப் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தேட வேண்டும்: டீசல் போதிய அளவு வராமலோ காற்றுக் கலந்தோ வருவது, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் சரியாகத் தூவாதது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைவது. முதலில் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் வழக்கமான சோதனையைத்தான் செய்தார்கள். இன்ஜினை ஐடிலில் வைத்து, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தினால், நல்ல சிலிண்டராக இருந்தால் ஓசை உடனே மாறும்; வேலை செய்யாத சிலிண்டராக இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. (இதைச் செய்பவர்கள் கையை அருகில் நீட்டக் கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) அன்று மூன்றாவது சிலிண்டர் அகப்பட்டது. நாசிலையும் அதன் அடியிலிருக்கும் காப்பர் வாஷரையும் மாற்றினோம். வண்டி அருமையாக ஓடியது, ஒரு நடைக்கு மட்டும். அடுத்த முறை ஐந்தாவது சிலிண்டர் அகப்பட்டது. அதற்குப் பிறகு ஆறு நாசில்களும், இரண்டு டீசல் ஃபில்டர்களும், கடைசியில் பம்ப்பைக் கழற்றி கேலிபிரேஷனும் (டீசல் அளவைச் சரிபார்த்து அமைப்பது) என்று செலவு நீண்டது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வண்டி சில நாட்கள் நன்றாகவே ஓடியதுதான் என்னை ஏமாற்றியது.

பம்ப் வேலை முடிந்தும் மிஸ்ஸிங் திரும்பி வந்தபோது, வேறொரு பம்ப் கடையில் இருந்த வயதான மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன்பே ஒன்று கேட்டார்: “ஏனுங்க, கடைசியா டீசல் எப்பப் போட்டீங்க?” அப்போது அது எனக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாகத்தான் பட்டது. ஆனால் நடைக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, மிஸ்ஸிங் அடித்த நாட்கள் அனைத்தும் டேங்கில் பாதிக்கும் கீழே டீசல் இருந்த நாட்களாகவே இருந்தன. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்ததும் நேரே பங்க்குக்குப் போய் டேங்கை நிரப்புவது என் வழக்கம். ஆக, ஒவ்வொரு ரிப்பேருக்கும் கிடைத்த நல்ல பெயர் உண்மையில் நிரம்பிய டேங்கினுடையது.

அவர் டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுத்து இன்லைன் பம்ப்புக்குத் தரும் ஃபீட் பம்ப்புக்கும் இடையே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைப் பொருத்தினார். இன்ஜினை முடுக்கியதும் அதில் கடுகளவு குமிழ்கள் வரிசையாக ஓடின. பிறகு கேபினுக்குப் பின்னால் 20 லிட்டர் டீசல் கேன் ஒன்றை உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேரடியாக ஃபீட் பம்ப்புக்கு இணைப்புக் கொடுத்து, ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள் விட்டார்; இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். லோடுடன் சத்தியமங்கலம் வரை ஓட்டினோம், ஒருமுறைகூட அடிக்கவில்லை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்தான் என்பது அத்துடன் உறுதியாயிற்று. இந்தப் பகுதியில் ஃபீட் பம்ப் உறிஞ்சுவதால் ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட விழாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றி, அடிமுனையை விரலால் அடைத்து, தண்ணீரில் முக்கி ஊதியபோது நடுப்பகுதியில் குமிழ் வந்தது. உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டில் பல ஆண்டுகள் உராய்ந்து, நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. டீசல் மட்டம் கீறலுக்கு மேலே இருக்கும்வரை அந்த வழியாக வந்ததும் டீசலே. மட்டம் இறங்கிய பிறகு காற்று. மலையேற்றத்தில் வண்டி சாயும்போது டீசல் பின்பக்கம் ஒதுங்குவதால் அங்கே முன்னதாகவே அடித்திருக்கிறது. காற்று ஒரே சிலிண்டருக்கு மட்டும் போவதில்லை என்பதால்தான் ஒருநாள் மூன்றும் இன்னொரு நாள் ஐந்தும் அகப்பட்டன. நாசில் கோளாறாக இருந்திருந்தால் எப்போதும் ஒரே சிலிண்டர்தான் அகப்பட்டிருக்கும் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

குழாயைப் பற்றவைக்க 350 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன்பு செலவழித்ததை இங்கே எழுத மனமில்லை. ஆனாலும் புதிய நாசில்களால் கரும்புகை குறைந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2023 நடுவிலிருந்து இன்றுவரை மிஸ்ஸிங் ஒருமுறைகூட வரவில்லை, கால் டேங்கில் திம்பம் ஏறியபோதும் வரவில்லை. மலைமேல் இருக்கும் ஆசனூரில் இரவு நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் செய்தால் மட்டும் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வருகிறது. வால்வுகளைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்தும் அது போகவில்லை. அடுத்த மாதம் ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்து பார்த்த பிறகுதான் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறேன்.