எட்டுப் பாலைப் பயணம், ஒரு பந்துக் கணக்கு: ஸ்காட்ஸ்டேலில் கோல்ஃப் ஆடிய அனுபவம்

என் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு சின்ன நோட்டு கிடக்கிறது. ஸ்கோர் எழுத அல்ல. அரிசோனாவில் எந்த மைதானத்தில் எத்தனை பந்து தொலைத்தேன் என்று எழுத. 2016-இல் ஆரம்பித்தது. நாங்கள் நான்கு பேர், 2021-ஐத் தவிர 2024 வரை ஒவ்வொரு வருடமும் சிகாகோவிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் பறந்து, பக்கத்தில் ஸ்காட்ஸ்டேலில் வீடு எடுத்துத் தங்கி, நான்கு நாள் ஆடிவிட்டுத் திரும்புகிறோம். மொத்தம் எட்டுப் பயணம், முப்பது சொச்சம் ஆட்டம். என் ஹாண்டிகேப் 22, அதாவது தேர்ந்த ஆட்டக்காரரைவிட ஒரு ஆட்டத்துக்கு இருபது சொச்சம் தடவை கூடுதலாக அடிப்பவன். நூறு தடவை அடிப்பதற்குள் ஆட்டத்தை முடித்தால் அன்று இரவுச் சாப்பாடு என் செலவு. அந்த அளவுக்குத்தான் ஆட்டம். கூட வருகிற மூவரில் ஒருவர் மட்டும் நன்றாக ஆடுவார். திருச்சிக்காரர், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

நோட்டின் முதல் வரி: ட்ரூன் நார்த், மான்யுமென்ட் கோர்ஸ், 11 பந்து.

அந்த மைதானத்தை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்றால், படம் பார்த்து. வடக்கு ஸ்காட்ஸ்டேலில், பினக்கிள் பீக் மலையடிவாரத்தில், டாம் வைஸ்காஃபும் ஜே மாரிஷும் வடிவமைத்து 1990-இல் திறந்தது. மொத்தம் 18 ஹோலில் மூன்றாவதில், ஃபேர்வேக்கு, அதாவது பந்து விழ வேண்டிய புல் பாதைக்கு நடுவே வீடு உயரத்துக்கு ஒரு பாறை நிற்கும். அந்தப் பாறையின் பெயரைத்தான் மைதானத்துக்கே வைத்திருக்கிறார்கள். பார்க்க அப்படியொரு அழகு. ஆனால் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாள் காலை, கையில் இன்னும் சிகாகோ குளிரோடு, முதல் அடி அடிக்கிற இடங்களான டீக்களில், வீறாப்பாகக் கடைசியாகப் பின்னால் இருப்பதில் போய் நின்றோம். முதல் ஹோலிலேயே இரண்டு பந்து போனது. ஆறாவது ஹோலில், எங்களோடு வரும் கோவை நண்பன் என்னிடம் பந்து கடன் கேட்டான். பத்தாவதில் நான் அண்ணனிடம் கேட்டேன். குறை மைதானத்தின் மேல் இல்லை, எங்கள் மேல்தான்.

சாதாரண மைதானத்தில் ஃபேர்வேயை விட்டுப் பந்து விலகினால் நீளப் புல்லில் கிடக்கும், மரத்தடியில் கிடக்கும். தேடி எடுத்து அடிக்கலாம். இங்கே புல் முடிகிற கோட்டில் சரளைக் கல்லும் முள்ளும் ஆரம்பித்துவிடும். டீயில் நின்று பார்த்தால் முதலில் கொஞ்சம் பாலை, அதற்கப்பால் ஒரு பச்சைத் தீவு, திரும்பப் பாலை, கடைசியில் குழி இருக்கும் குட்டைப் புல் தரையான கிரீன். தீவிலிருந்து தீவுக்குத் தாண்ட வேண்டும். இது வடிவமைப்பாளரின் குறும்பு மட்டுமல்ல. அரிசோனா 1980-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிதாக வருகிற 18 ஹோல் மைதானத்துக்குச் சுமார் 90 ஏக்கர் புல்லுக்குத்தான் தண்ணீர்க் கணக்கு. அதனால் எங்கே பந்து விழ வேண்டுமோ அங்கே மட்டும் புல் போட்டார்கள். பந்து தொலைகிற கணக்கு தண்ணீர்க் கணக்கிலிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவே இரண்டு பயணம் ஆனது.

அது புரிந்த பிறகு மைதானம் தேர்ந்தெடுக்கிற விதமே மாறிவிட்டது. இப்போதெல்லாம் படத்தைப் பார்ப்பதில்லை. மேலிருந்து எடுத்த வரைபடத்தைப் பெரிதாக்கி இரண்டே விஷயம் பார்க்கிறேன்: பந்து விழும் இடத்தில் புல் எத்தனை அகலம், டீயிலிருந்து புல் தொடங்கும் இடம் எத்தனை யார்டு. நான் ஒழுங்காக அடித்தால் 190 யார்டு போகும். ஒழுங்காக அடிப்பது மூன்றுக்கு ஒன்று. ஆகவே 150 யார்டு தாண்டியே தீர வேண்டும் என்கிற டீ எனக்கு ஆகாது. ஸ்கோர் அட்டையில் ஸ்லோப் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எத்தனை கடினம் என்று சொல்வது. நடுத்தரம் 113, உச்சம் 155. என்னைப் போன்றவர்கள் 125-க்கு மேல் போனால் கொஞ்சம் யோசிக்கலாம். டீக்களைத் தூரத்துக்கு ஏற்ப நிறத்தால் பிரித்திருப்பார்கள்; ஊரில் எந்த நிற டீயில் ஆடுகிறீர்களோ, அதற்கு ஒரு படி முன்னால் ஆடுங்கள். இதற்கு மானம் ரோஷம் பார்த்தால் பந்துக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இந்தக் கணக்கில் எங்களுக்குக் கிடைத்த புதையல் வீ-கோ-பா. ஃபோர்ட் மெக்டவல் யாவப்பாய் பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது. அவர்கள் மொழியில் அந்தப் பெயர், கிழக்கே தெரியும் நான்கு சிகர மலையைக் குறிக்கும். இரண்டு மைதானம்: 2001-இல் ஸ்காட் மில்லர் வடிவமைத்த சொய்யா, 2006-இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்த சவாரோ. இரண்டுமே கள்ளியின் பெயர்கள்தான். வடக்கு ஸ்காட்ஸ்டேலில் பல மைதானங்களில் இரண்டு பக்கமும் வீடுகள் வரிசை கட்டி நிற்கும். பந்து யாருடைய நீச்சல் குளத்தில் விழுந்தது என்கிற பயத்தோடே ஆட வேண்டும். இங்கே ஒரு வீடு கிடையாது. சவாரோ கோர்ஸில் ஃபேர்வே தாராளமான அகலம், ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் நாலு எட்டு நடை. கார்ட் என்கிற சின்ன வண்டி இல்லாமல் பையைத் தோளில் போட்டு நடந்தே ஆடலாம். பாலை மைதானத்தில் இது அபூர்வம். அகலமாக இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தப் பக்கம் விழுந்தால் கிரீனுக்கு வழி திறக்கும் என்று யோசிக்க வைக்கும். அண்ணனுக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. எங்கள் இருவருக்கும் ஒரே மைதானம் பிடித்தது அதுதான் முதல் தடவை. நோட்டில் சவாரோ கோர்ஸுக்கு நேரே நான்கு வருடத்தின் கணக்கு: 3, 2, 4, 2. பக்கத்துச் சொய்யா கோர்ஸில் 7. கண்ணுக்கு அதுதான் இன்னும் அழகு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாளுக்கு பப்பாகோ. ஃபீனிக்ஸ் நகராட்சி மைதானம், 1963-இல் திறந்தது, விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. தண்ணீர்ச் சட்டத்துக்கு முந்தைய காலத்தது, புல் நிறைய, பெரிய மரங்கள். பின்னணியில் சிவப்புப் பாறைக் குன்றுகள். பந்து மரத்தடிக்குப் போகும், ஆனால் கிடைக்கும். உடம்பு விமானத்திலிருந்து முழுசாக இறங்காத நாளில் இதுதான் மருந்து. இரண்டாம் நாளுக்கு டாக்கிங் ஸ்டிக் என்கிற கோல்ஃப் வளாகத்தில் ஓ'ஓடம் கோர்ஸ். அதுவும் கூர்-கிரென்ஷா வேலைதான், தரை தட்டை. முதல் தடவை போனபோது "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கோவை நண்பன் முகம் சுளித்தான். ஒன்பது ஹோல் ஆன பிறகு வாயே திறக்கவில்லை, கிரீனைச் சுற்றி அத்தனை தடுமாற்றம்.

டிபிசி ஸ்காட்ஸ்டேல் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபீனிக்ஸ் ஓப்பன் என்கிற தொழில்முறைப் போட்டி நடக்கிற ஸ்டேடியம் கோர்ஸ் அங்கேதான். அதன் 16-ஆவது ஹோல் 160 யார்டு சொச்சம் உள்ள ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது, சுற்றிலும் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் உட்காரும் கேலரி. 1997-இல் டைகர் உட்ஸ் ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டது அங்கேதான். சீசனில் ஒரு ஆட்டத்துக்கு 400 டாலருக்கு மேல் கேட்பார்கள். நான் ஒரு தடவை போனேன், ஜனவரியில். போட்டிக்காகக் கேலரி கட்டி வைத்திருந்தார்கள், ஆள் மட்டும் இல்லை. காலி இருக்கைகளுக்கு நடுவே நின்று அடித்தபோது கை நடுங்கியது உண்மை. பந்து போய் விழுந்தது பங்கர் என்கிற மணல் குழியில். அண்ணன் மட்டும் தனியாகக் கை தட்டினார், அது அந்தக் கேலரி முழுக்க எதிரொலித்தது. அந்த ஒரு ஹோலுக்காக ஒரு முறை போகலாம், மறுமுறைக்கு அவசியம் இல்லை. பணத்துக்குக் கணக்குப் பார்த்தால் அந்தக் காசில் பப்பாகோவில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு நால்வரும் நன்றாகச் சாப்பிடலாம்.

எங்கே என்பதைவிட எப்போது என்பதில்தான் நாங்கள் அதிகம் அடிபட்டோம். 2017-இல் ஒரு முன்பதிவு நிறுவனம் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மலிவாக ஒரு பேக்கேஜ் கொடுத்தது. ஆஹா என்று வாங்கினோம். கோடையில் அங்கே இருப்பது பெர்முடா புல். குளிர் வந்தால் அது பழுப்பேறித் தூங்கிவிடும். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து மைதானத்தை இரண்டு மூன்று வாரம் மூடி, மேலே ரை புல் விதைப்பார்கள். ஓவர்சீடிங் என்று பெயர். திறந்த புதிதில் புல் பிஞ்சு, நாள் முழுக்க நீர் தெளிப்பு. கார்ட் சிமெண்ட் பாதையை விட்டு இறங்கவே கூடாது. பாதை வலது ஓரம், என் பந்து வழக்கம்போல இடது ஓரம். ஒவ்வொரு அடிக்கும் மூன்று கிளப் மட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் குறுக்கே நடந்தேன். ஐந்தே முக்கால் மணி நேரம் ஆனது. கிரீனில் பந்து கம்பளியில் உருட்டினதுபோல நின்று நின்று போனது. திரும்பி வந்து புகார் சொன்னால், "மைதானம் திறந்துதானே சார் இருந்தது?" என்றார்கள். அதுவும் சரிதான். அன்றிலிருந்து முன்பதிவுக்கு முன்னால் மைதானத்துக்கே போன் போட்டு, ஓவர்சீடிங் என்றைக்கு முடிகிறது, கார்ட் எப்போது புல்லில் இறங்கலாம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன்.

ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை வானிலை சொர்க்கம், விலை நரகம். ஃபீனிக்ஸ் ஓப்பன் நடக்கும் பிப்ரவரித் தொடக்கத்திலும், பேஸ்பால் அணிகள் பயிற்சிக்கு வந்து குவியும் மார்ச்சிலும் தங்க இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. டிசம்பர், ஜனவரிக் காலைகளில் பாலையில்கூட உறைபனி விழும் என்பது எனக்குத் தெரியாது. உறைந்த புல்லில் கால் வைத்தால் தாள் உடைந்து கறுத்துவிடும், அதனால் உருகும்வரை யாரையும் விட மாட்டார்கள். 7.40-க்குப் போட்ட எங்கள் ஆட்டம் 9.50-க்குத் தொடங்கியது. அங்கே அந்த மாதங்களில் ஐந்தரை வாக்கில் இருட்டிவிடும், ஆகவே மதியம் ஆடுகிறவர்களுக்கு 18 முடியாது. எங்களுக்கு ஒத்து வருவது நவம்பர் பின்பாதி, இல்லையென்றால் ஏப்ரல் கடைசி. கோடை பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023-இல் ஜூன் 30 தொடங்கி ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து பத்து மணிக்குள் ஓடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மலிவுதான், அந்த மலிவு எனக்கு வேண்டாம்.

இனி அந்தச் சொய்யாக் கள்ளி. ஆங்கில எழுத்துப்படி வேறு மாதிரி தெரியும், வாயில் இப்படித்தான் வரும். நம் கடைச் சோயாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு பொம்மை மாதிரி மெத்தென்று இருக்கும். 2018-இல் கோவை நண்பன் ஒரு பந்தை எட்டிப் பார்க்கப் போய், லேசாக உரசினதற்கே ஒரு கணு கழன்று ஆடுதசையில் ஒட்டிக்கொண்டது. கையால் பிடுங்கப் போனான், அது விரலுக்குத் தாவியது. "பந்தை விட்டுட்டு வாடா!" என்று அண்ணன் கத்துகிறார், இவன் அசையாமல் நிற்கிறான். அந்த வழியாக வந்த மைதான ஊழியர் கார்ட்டிலிருந்து ஒரு பெரிய பல் சீப்பை எடுத்து, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே வெட்டாகச் சுண்டினார். கணு பறந்து போய் விழுந்தது. ரத்தம் பொட்டுப் பொட்டாக ஏழெட்டு இடத்தில். பத்து ரூபாய்ச் சீப்பு ஒன்று அன்றிலிருந்து என் பையில் இருக்கிறது. வெயில் ஏறுகிற மாதங்களில் பாம்பும் உண்டு, கிலுகிலுப்பைப் பாம்பு. புதருக்குள் கை விடுகிற வேலையே வேண்டாம்.

பாலைக்குள் போன பந்துக்கு என்ன அபராதம் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். பல இடங்களில் பாலை முழுவதையும் சிவப்புக் குச்சிப் பகுதியாக வைத்திருப்பார்கள். பந்து உள்ளே நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு, அபராதமாக ஸ்கோரில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அப்படி வைக்காத இடத்தில் தொலைந்த பந்துக்கு விதிப்படி, கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் இருக்கும், முதல் ஹோலுக்கு முன்னால் படித்துவிடுங்கள். கல்லில் கிடக்கும் பந்தைப் புது கிளப்பால் அடிக்காதீர்கள், அடிப்பாகத்தில் கீறல் விழுந்து காசு போகும். அதற்கென்றே நான் ஒரு பழைய ஏழாம் நம்பர் அயர்ன் கொண்டுபோகிறேன்.

போன பயணத்தில் வீ-கோ-பாவில் ஒரு சவாரோக் கள்ளியைப் பார்த்தேன். இருபதடி உயரம், மூன்று கை. அந்தக் கை முளைக்கவே ஐம்பது அறுபது வருடம் பிடிக்குமாம். தலை உயரத்தில் யாரோ அடித்த பந்து ஒன்று பாதி உள்ளே புதைந்து, சுற்றிலும் தழும்பு கட்டி, கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. என் பந்தா என்று கோவை நண்பன் கிட்டே போய் எழுத்தைப் பார்த்தான். இல்லை. இந்த நவம்பருக்கு பப்பாகோ, ஓ'ஓடம், சவாரோ மூன்றும் பதிவு செய்தாயிற்று. நான்காம் நாள் மான்யுமென்ட்தான் வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். இரண்டு டஜன் பந்து வாங்கி வைத்திருக்கிறானாம்.