மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்க்ரோல் ரம்பம்: மூன்று ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறடி இடம் இருக்கிறது. பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்த அந்த மூலையில் மூன்று ஆண்டுகளாக ஒரு ஸ்க்ரோல் ரம்பம், அதாவது மரத்தை நெளிநெளியாக அறுக்கும் சிறு மின் இயந்திரம், நிற்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலையில் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பிளேடைப் பிடிக்கும் கவ்வி எப்படிப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள்.

என்னுடையது 16 அங்குல இயந்திரம். அதாவது பிளேடுக்கும் பின்புறத் தூணுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி. 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை ஏறி இறங்கும். பெரிய பலகையைப் பிளக்க இது உதவாது. வளைவும் நெளிவும், நடுவில் துளையிட்டு அறுத்தெடுக்கும் சல்லடை வேலையும்தான் இதன் களம்.

இயந்திரத்தோடு வந்தவை, இரு முனையிலும் குறுக்கே சிறு முள் பதித்த பிளேடுகள். மாட்டுவது எளிது. ஆனால் உள்வெட்டுக்கு அந்த முள் நுழைய ஏறக்குறைய 6 மி.மீ. துளை போட்டாக வேண்டும். மயிலின் கண்ணில் அவ்வளவு பெரிய துளை போட்டால் கண் எங்கே மிஞ்சும்? எட்டு மாதம் இப்படியே தவித்தேன். பிறகு கவ்வியை மாற்றி முள்ளில்லாத பிளேடுக்கு வந்தேன். 3-ஆம் எண் பிளேடு ஒன்றரை மி.மீ. துளைக்குள் ஊசியில் நூல் கோப்பதுபோல நுழைந்தது. இந்தக் கலை எனக்குப் பிடிபடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பிளேடில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கதவு, நிலை செய்யும் பட்டறையில் எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தேக்குத் துண்டுகள். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. பற்களை அது சீக்கிரம் மழுக்கிவிடும். பிளைவுட்டில் இருக்கும் பசையும் அப்படியே. இருபது நிமிட வேலைக்குப் பிறகு மரத்தை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் அந்த பிளேடைக் கழற்றிவிடுவேன். மழுங்கியதைத் தள்ளினால் அது வளைந்துகொடுக்கும்; மேலே வட்டமாகத் தெரிவது கீழே முட்டையாக இருக்கும். இழுவிசை சரியா என்று பார்க்க, பிளேடை விரலால் சுண்டுவேன். வீணைத் தந்திபோல் தெளிவாக ஒலிக்க வேண்டும்.

தொடக்கத்தில் என்னை மிகவும் குழப்பியது வேறொன்று. நேர்க்கோட்டில் அறுத்தால் வெட்டு எப்போதும் வலப்பக்கமே ஓடியது. மேசை கோணலோ என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். சரியாக 90 பாகை. காரணம் பிளேடில்தான் இருந்தது. ஆலையில் பிளேடுக்குப் பல் வெட்டும்போது அதன் வலப்பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூர்மை அதிகம், ஆகவே வெட்டும் அங்கேயே இழுக்கிறது. பலகையைச் சில பாகை திருப்பிப் பிடித்துத் தள்ளப் பழகினேன். இப்போது கை அதைத் தானாகவே செய்கிறது.

முகக்கவசம் இல்லாமல் உட்கார வேண்டாம். ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தூள் பலருக்கு ஒவ்வாது. எனக்கு இரண்டு நாள் ஓயாத தும்மல்.

இத்தனை நாளில் நான் செய்தவற்றில் மனத்துக்கு நெருக்கமானது ஒரு சிக்குக் கோலம். 5 முதல் 1 வரை நேர்ப்புள்ளி (வரிசைக்கு 1, 3, 5, 3, 1). அம்மா காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். அதை 6 மி.மீ. தேக்கில் ஒட்டி, மேலே ஒளிபுகும் பொதிநாடாவை (பேக்கிங் டேப்) ஒட்டினேன். நாடா இருந்தால் மரம் கருகுவது குறைகிறது. கோலத்தின் இழை மரமாக நிற்க வேண்டும், இடைவெளிகள் விழ வேண்டும். புள்ளிகளைச் சுற்றி 13, அவற்றுக்கு நடுவே 4, ஆக 17 துளை. ஒவ்வொரு துளைக்கும் பிளேடின் மேல்முனையைக் கழற்றி, கோத்து, இறுக்கி, அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உப்புத்தாள் தேய்த்துக் கையில் கொடுத்தேன். அம்மா அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“புள்ளி எங்கேப்பா?”

இடைவெளியோடு புள்ளிகளும் விழுந்துவிட்டிருந்தன. புள்ளியில்லாமல் எப்படிக் கோலமாகும்? கறுத்த ஈட்டிப் பலகை ஒன்றில் அதை ஒட்டி, புள்ளி இருந்த இடங்களில் குமிழ்த்தலைப் பித்தளை ஆணி பதித்தேன். மாலை வெயிலில் பதின்மூன்றும் மின்னுகின்றன. அது இப்போது பூஜை அறை நிலைக்கு மேலே இருக்கிறது.

போன வாரம் அம்மா 7 புள்ளிக் கோலம் வரைந்து கொடுத்திருக்கிறார். 25 புள்ளி, 37 துளை. நேற்று வரை பதினொன்று முடித்திருக்கிறேன்.