பழைய பிளாக்கா, எலியா?

எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் ஆய்வை (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு) நோய்க்குறியியலில் செய்ய நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: நோயாளிகளிடம் முன்பே எடுத்துப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டை (பிளாக்) ஆராய்வதா, எலியில் புதிதாகச் சோதனை செய்வதா? கையில் இருப்பதோ 2 மாதம்.

அனுமதி: பிளாக்குக்கு மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழு. எலிக்கு விலங்குகளுக்கான குழு தனி.

செலவு: பாரஃபின் பிளாக் அலமாரியில் சும்மா கிடக்கிறது. எலிக்குக் கூண்டு, தீவனம், ஞாயிற்றுக்கிழமையும் ஆள்.

கைவேலை: இரண்டிலும் மைக்ரோடோம் (திசுவை மெல்லிசாகச் சீவும் கருவி) உண்டு. 4 மைக்ரான் சீவல் வெந்நீரில் சுருங்காமல் விரியவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கற்பது: இங்கே எலிதான் ஜெயிக்கிறது. ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனம் கொடுத்த எலியின் ஈரலில் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள் சாவதையும், அப்புறம் ஈரல் தேறுவதையும் நாள்வாரியாகப் பார்க்கலாம். பிளாக்கில் கதை முடிந்த பிறகுதான் நாம் வருகிறோம்.

2 மாதத்தில் அறிக்கை கொடுக்க வேண்டுமா, பிளாக். துறையில் ஏற்கெனவே அனுமதி பெற்று ஓடும் எலி ஆய்வு இருந்தால், சரி, அதில் ஒட்டிக்கொள்ளுங்கள்.