காரைக்குடியில் பெப்டைட் ஃபேஷியல்

அறுபதாம் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தேன். இந்த முறை காரைக்குடி அழகு நிலையங்களின் பலகைகளில் ஒரு புதுப் பெயர் ஏறியிருந்தது: பெப்டைட். ‘விசேஷத்துக்கு முதல்நாள் ஒரு தடவை போதும், சுருக்கம் மறையும்’ என்கிறார்கள். மாலை மாற்றிக்கொள்ளப் போகிறவள் என் ஆச்சி, உடன்பிறந்த மூத்தவள். அவளுக்கு ஆசை வந்துவிட்டது, கூடவே போனேன்.

பார்லர் படு சுத்தம். துவைத்து மடித்த துண்டு, முகம் கழுவிவிட்ட பெண்ணின் பதமான கை, எதிலும் குறை சொல்ல மாட்டேன். சீரம் குப்பியைக் கேட்டபோதுதான் முகம் மாறியது. “கம்பெனி சரக்கு அக்கா, வெளியே கிடைக்காது” என்றாள். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐம்பது மில்லி குப்பி, தங்க எழுத்தில் பெயர். பின்பக்கம் தயாரிப்பாளர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் விலைச் சீட்டு. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள்படி இவையெல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். அந்தக் குப்பியை ஆச்சியின் முகத்தில் தொட விடவில்லை.

பெப்டைட் பொய்யான பொருள் அல்ல, அதனால்தான் இந்த வியாபாரம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சில அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி அது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் சிதையும்போது இத்தகைய துண்டுகள் உண்டாகின்றன. அவற்றைக் கண்டு தோலின் செல்கள் புதுக் கொலாஜன் செய்யத் தூண்டப்படுகின்றன என்பது கணக்கு. பால்மிடோயில் பென்டாபெப்டைட்-4 என்பது அந்த வகை. தோலின் மேலடுக்கைக் கடக்க வசதியாகக் கொழுப்பு அமிலம் ஒன்றை அதனுடன் இணைத்திருக்கிறார்கள். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் 93 பெண்கள் அதைப் பூசிப் பார்த்தார்கள். க்ரீமில் இருந்தது பத்து லட்சத்தில் மூன்று பங்குதான். மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்தன. ஆகவே அளவில் அதிகமானது முதலில் வரும் சேர்மானப் பட்டியலில் பெப்டைட் கடைசியில் வருவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் பூசியது 12 வாரம்! முதல்நாள் ஒரு மணி நேரத்தில் கொலாஜன் வளராது. எழுந்ததும் கண்ணாடியில் தெரியும் பளபளப்பு மசாஜும் கிளிசரினும் தருவது. அசெட்டைல் ஹெக்ஸாபெப்டைட்-8ஐ ‘ஊசியில்லாத போடாக்ஸ்’ என்கிறார்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து, ஊசி வழியாகத் தசைக்குள் போவது. மேலே பூசுவதிலிருந்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து நுழைந்த மருந்துக்கடை இன்னும் மோசம். சுருக்கத்துக்கு என்று கேட்டதும், டாக்டர் சீட்டு கேட்காமலே ஒரு டியூபை நீட்டினார்கள். மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்தது. முதலாவது ஸ்டீராய்டு. சில நாள் முகம் வெளுத்துப் பளிச்சென்றிருக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், வெயில் பட்டால் எரியும். சொந்தக்காரர்கள் வீட்டு அலமாரிகளிலும் இதைப் பார்த்தேன். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மனநிறைவு கிடைத்தது தோல் டாக்டரம்மாவிடம். டோக்கன் போட்டுச் சாயங்காலம் போனோம். லென்ஸ் வைத்து ஆச்சியின் இரு கன்னங்களையும் பார்த்தார். “ஜன்னலோரம் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?” என்று கேட்டார். இடது கன்னத்தில் கோடுகள் கூடுதல். வீட்டின் உள்முற்றமான வளவில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வெயில் அந்தப் பக்கம்தான் விழும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும், இரவில் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கொஞ்சமாக, விருப்பமிருந்தால் பெப்டைட் என்று அந்த வரிசையிலேயே எழுதினார். கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் ஆகாது என்று உடன் வந்த மருமகளிடமும் சொன்னார். சீட்டில் பொருளின் பெயர் மட்டும்தான், எந்த பிராண்டும் இல்லை.

முகூர்த்த மாதங்களில் அங்கே கூட்டம் நெரியும். ஊர் வந்து இறங்கியதும் டோக்கனுக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூசிக்கொண்டிருக்கும் டியூப், குப்பி எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்துப் பார்க்கிறார்.